ஜார்ஸ் ஆஃப் க்ளே: டிரம்மர் இல்லாத கல்லூரி பேண்ட் இரண்டு வருஷத்தில் மேலே வந்தது எப்படி?

தந்திநாதம்:

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கக் கிறிஸ்தவ ராக் பேண்டான ஜார்ஸ் ஆஃப் க்ளேயின் முதல் ஆல்பத்தைப் பற்றி எங்கள் ரசிகர் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேச வேண்டியிருக்கிறது. தேடினால் கிடைப்பதெல்லாம் ஒரே பல்லவி: கல்லூரியில் சேர்ந்தார்கள், போட்டியில் ஜெயித்தார்கள், 'ஃப்ளட்' பாட்டு ஹிட் ஆனது. இதற்கு நடுவில் நடந்ததுதான் எனக்கு வேண்டும்.

நாஷ்வில் போவதற்கு முன் என்ன நடந்தது, யார் யார் இருந்தார்கள்? ஏட்ரியன் பெல்யூதான் முழு ஆல்பத்தையும் தயாரித்தார் என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியா? கிறிஸ்தவப் புத்தகக் கடையில் விற்ற ஆல்பம் பொது ரேடியோவுக்கும் எம்டிவிக்கும் எந்த வழியாகப் போனது? கடைசியாக ஒன்று. பேச்சு முடிந்ததும் இரண்டு அகூஸ்டிக் கிட்டார், ஒரு கீபோர்டு, பாடகர் என்று நாலு பேர் இரண்டு பாட்டு வாசிக்கிறார்கள். டிரம்மர் கிடையாது. அந்த ஆல்பத்தில் கேட்கிற மாதிரி லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பதிவு செய்த தாளத் துண்டு) வைத்து வாசிக்க என்னென்ன வேண்டும், எங்கே சொதப்பும்?

வினைல்பெட்டி:

காலவரிசையை நான் தருகிறேன். சத்தம் பற்றி ஒலிக்கூடம் அண்ணன் வந்து சொல்லட்டும்.

இடம் கிரீன்வில், இல்லினாய் மாநிலம். செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் இருக்கும் சின்ன ஊர். அங்கே ஃப்ரீ மெத்தடிஸ்ட் சபையைச் சேர்ந்த கிரீன்வில் கல்லூரி இருக்கிறது. 1892இல் தொடங்கியது, 2017இலிருந்து பல்கலைக்கழகம். இந்தக் கதைக்கு முக்கியம் அங்கே இருந்த சமகாலக் கிறிஸ்தவ இசைப் படிப்பு. பாட்டு எழுதுவது, ஸ்டூடியோவில் பதிவு செய்வது, இசைத் தொழில் நடக்கும் விதம் எல்லாம் அங்கே பாடமாகவே இருந்தன. கல்லூரி ஸ்டூடியோவில் மாணவர்கள் நேரம் வாங்கிப் பதிவு செய்யலாம். 1993இல் ஒரு பேண்டுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை இப்போது லேப்டாப்பில் பதிவு செய்கிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு ஸ்டூடியோ மணிக்கணக்கில் காசு. தப்பு செய்து கற்றுக்கொள்ள மாணவனுக்கு வழியே கிடையாது. இவர்களுக்கு அந்த வழி இருந்தது.

1993இல் பேண்டில் இருந்த நாலு பேர்: டான் ஹேசல்டைன் (குரல்), சார்லி லோவல் (கீபோர்டு), ஸ்டீவன் மேசன் (கிட்டார்), மேட் ப்ரான்லீவ் (கிட்டார்). பெயர் 2 கொரிந்தியர் 4:7இல் வரும் 'இந்தப் பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம்' என்ற வசனத்திலிருந்து வந்தது. முதல் ஆல்பத்தின் கடைசியில், அட்டையில் போடாமல் ஒளித்து வைத்த பாட்டுக்கு 'ஃபோர் செவன்' என்றே பெயர். உங்கள் பேச்சில் இதைச் சொல்லுங்கள், நிறைய பேர் சிடியை அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள்.

1994இல் 'ஃப்ரெயில்' என்ற டெமோவை (மாதிரிப் பதிவை) தயார் செய்தார்கள். காஸ்பல் மியூசிக் அசோசியேஷன் நாஷ்வில்லில் நடத்திய ஸ்பாட்லைட் என்ற புதுமுகப் போட்டிக்குப் பதிவை அனுப்பி, இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகி, 1994 ஏப்ரலில் மேடையில் வாசித்து ஜெயித்தார்கள். கவனிக்க வேண்டியது போட்டி நடந்த இடம். அந்த வாரம் கிறிஸ்தவ இசைத் தொழிலில் இருக்கிற லேபிள்காரர் (ஆல்பம் வெளியிடும் கம்பெனிக்காரர்), ரேடியோக்காரர், கடைக்காரர் எல்லாரும் நாஷ்வில்லில்தான் இருப்பார்கள். கோப்பையைவிட அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் பெரிய பரிசு. கல்லூரிக்குத் திரும்புவதற்குள் லேபிள்களிடமிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின.

இந்த இடத்தில்தான் முதல் விரிசல். படிப்பை நடுவில் விட்டு நாஷ்வில் போவதா என்ற கேள்வி வந்தது. மூன்று பேர் கிளம்பினார்கள். ப்ரான்லீவ் படிப்பை முடிக்க நின்றுவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் மேட் ஓட்மார்க், நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் லோவலின் சிறு வயது நண்பர். பலர் ஓட்மார்க்கைத் தொடக்க உறுப்பினர் என்று எழுதுவது தவறு. ஸ்பாட்லைட்டை ஜெயித்த நால்வரில் அவர் இல்லை. ப்ரான்லீவ் பின்னாளில் தயாரிப்பாளராக நல்ல பெயர் எடுத்தார். பாடகி ப்ளம்ப் உடன் அவர் செய்த வேலையைக் கேட்டால், லூப்பும் தந்தி வாத்தியமும் சேர்ந்த அந்த ருசி அவர் கூடவே போனது தெரியும்.

எசென்ஷியல் ரெக்கார்ட்ஸில் ஒப்பந்தம். பேண்டின் பெயரையே தாங்கிய முதல் ஆல்பம் 1995 மே மாதம் வெளியானது. கூட்டிப் பார்த்தால் பேண்ட் ஆரம்பித்து ஆல்பம் கைக்கு வர இரண்டு வருஷம்தான்.

ஒலிக்கூடம்:

பெல்யூ விஷயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். கிங் கிரிம்சன் கிட்டாரிஸ்ட், டேவிட் போவியோடும் டாக்கிங் ஹெட்ஸோடும் வாசித்தவர். அவர் தயாரித்தது 'லிக்விட்', 'ஃப்ளட்' என்ற இரண்டு பாட்டுகளை மட்டும். மீதியைப் பேண்டே தயாரித்தது. இருபது வயதை ஒட்டிய பையன்களுக்கு ஒரு லேபிள் இதை விட்டுக்கொடுத்தது பெரிய விஷயம். கிரீன்வில் ஸ்டூடியோவில் அவர்கள் செய்த வேலை கையில் இருந்ததால்தான் அந்த நம்பிக்கை வந்தது என்பது என் கணிப்பு.

ஆனால் அந்த இரண்டு பாட்டையும் மற்ற எட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தாளம் எவ்வளவு முன்னால் வந்து நிற்கிறது என்பதில் வித்தியாசம் தெரியும். 'லிக்விட்' துறவிகள் ஓதுவது போன்ற குரல்களோடு ஆரம்பிக்கும், அதன் அடியில் லூப் உள்ளே வரும். 'ஃப்ளட்'டில் அகூஸ்டிக் கிட்டார்தான் மொத்தப் பாட்டையும் தள்ளுகிறது. 1995இல் ஆல்டர்நேட்டிவ் ரேடியோவில் எங்கே திரும்பினாலும் டிஸ்டார்ஷன் போட்ட எலெக்ட்ரிக் கிட்டார். அதற்கு நடுவில் மரக் கிட்டாரை ஆவேசமாக அடித்து, பின்னால் கனமான தாளம், நடுவில் எல்லாம் அடங்கி வயலின், செல்லோ மேல் குரல்கள் மெல்ல ஏறி, மறுபடி பல்லவி வெடிக்கும். அந்த நடுப்பகுதிதான் பாட்டைத் தூக்கியது என்று நான் அடித்துச் சொல்வேன். ரேடியோவில் ஒரு பாட்டின் நடுவில் சத்தம் இறங்கினால் கேட்கிறவர் காதைத் தீட்டுவார், அப்போது திரும்பி வரும் பல்லவிக்குப் பலம் இரட்டிப்பு.

டிரம்மர் இல்லாததால் அவர்களுக்கு வந்த நன்மை என்ன? டிரம் செட் இருந்தால் அதன் சிம்பல் சத்தம் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அகூஸ்டிக் கிட்டாரின் பிக் (தந்தியை மீட்டும் வில்லை) சத்தமும் அங்கேதான் இருக்கிறது, டிரம் செட்டோடு சேர்ந்தால் கிட்டார் காணாமல் போகும். லூப்பில் சிம்பலைக் குறைக்கலாம், இல்லாமலே விடலாம். மேலிடம் காலியாகிறது. அந்த இடத்தில் இரண்டு கிட்டாரும் தந்தி வாத்தியமும் உட்காருகின்றன. இந்தக் காரணத்தால்தான் அந்த ஆல்பம் இன்றைக்கும் காற்றோட்டமாக ஒலிக்கிறது.

வரிகளைப் பற்றி ஒன்று. 'ஃப்ளட்' ஆதியாகமத்து வெள்ளத்தின் படிமங்களை எடுத்துக்கொள்கிறது, நாற்பது நாள் மழை உட்பட. வேதம் தெரிந்தவருக்கு நோவா தெரிவார். தெரியாதவருக்கு மூழ்குகிற மனிதனின் கூப்பாடாகவே கேட்கும். எதையும் ஒளிக்கவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. பொது ரேடியோ ஒலிபரப்பாளருக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

கடைக்கணக்கு:

இரண்டு பேரும் பாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். பாட்டு நல்ல பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது கேள்விக்குப் பதில் கம்பெனி அமைப்பில் இருக்கிறது.

எசென்ஷியல் என்பது ப்ரெண்ட்வுட் மியூசிக்கின் கிளை. ப்ரெண்ட்வுட்டை ஸோம்பா குழுமம் வாங்கியிருந்தது. அதே ஸோம்பாவின் கையில் ஜைவ், சில்வர்டோன் என்ற பொதுச் சந்தை லேபிள்களும் இருந்தன. பிரிட்டிஷ் ராக் பேண்டான ஸ்டோன் ரோஸஸை வெளியிட்டதே சில்வர்டோன்தான். ஆக 'ஃப்ளட்' பாட்டைப் பொது ரேடியோவுக்குக் கொண்டுபோக வேறு கம்பெனியோடு பேரம் பேச வேண்டிய தேவையே வரவில்லை. கிறிஸ்தவக் கடைகளையும் கிறிஸ்தவ ரேடியோவையும் எசென்ஷியல் பார்த்துக்கொண்டது, பொதுக் கடைகளையும் ராக் ரேடியோவையும் சில்வர்டோன் பார்த்துக்கொண்டது. இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு பாட்டுகள். கிறிஸ்தவ ரேடியோவில் 'லவ் சாங் ஃபார் எ சேவியர்' போன்ற மென்மையான பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ராக் நிலையங்களுக்கு 'ஃப்ளட்' போனது. ஒரே ஆல்பம், இரண்டு வாசல்.

பலன்: 1996இல் 'ஃப்ளட்' அமெரிக்காவின் பொதுப் பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100இல் 37ஆம் இடம், மாடர்ன் ராக் பட்டியலில் 12ஆம் இடம். ஆல்பம் அமெரிக்காவில் இரட்டை பிளாட்டினம், அதாவது 20 லட்சம் பிரதி.

அந்தக் காலத்து விதிகள் இரண்டு தெரிந்தால்தான் இந்த எண்களின் அருமை புரியும். ஒன்று, 1998 டிசம்பர் வரை கடையில் சிங்கிளாக விற்காத பாட்டு ஹாட் 100இல் நுழையவே முடியாது. ரேடியோவில் எவ்வளவு ஓடினாலும் சரி. ஆகவே சிங்கிள் வெளியிட்டு அதைக் கடைகளில் நிரப்பும் பலம் உள்ள கம்பெனி பின்னால் நிற்க வேண்டும். இரண்டு, விற்பனையை எண்ணும் சவுண்ட்ஸ்கேன் முறை 1991இல் வந்தது, ஆனால் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளின் விற்பனை 1995 வாக்கில்தான் அந்தக் கணக்கில் சேர்ந்தது. அதற்கு முன் ஒரு கிறிஸ்தவ பேண்ட் புத்தகக் கடைகளில் லட்சம் விற்றாலும் பொதுப் பட்டியலைப் பார்க்கிற ரேடியோ அதிகாரி கண்ணில் படாது. இவர்கள் ஆல்பம் வந்த வருஷமும் அந்தக் கணக்கு திறந்த வருஷமும் ஒன்று. அதே 1995 நவம்பரில் வந்த, டிசி டாக் என்ற இன்னொரு கிறிஸ்தவக் குழுவின் 'ஜீஸஸ் ஃப்ரீக்' ஆல்பத்துக்கும் இதே காற்று அடித்தது.

காசுப் பக்கமும் சொல்லிவிடுகிறேன், புது பேண்டுகள் ஏமாறுவது இங்கேதான். அமெரிக்காவில் 1996இல் ஒரு பாட்டின் ஒரு பிரதிக்கு எழுதியவருக்குச் சேர வேண்டிய சட்டபூர்வத் தொகை 6.95 சென்ட். அக்காலத்து ஒப்பந்தங்களில் பொதுவாக, பாடுபவரே எழுதியிருந்தால் இதில் 75 சதவீதம்தான் தருவோம், ஒரு ஆல்பத்துக்குப் பத்துப் பாட்டுக்கு மேல் கணக்கில்லை என்று எழுதியிருப்பார்கள். 6.95இல் முக்கால் பங்கு 5.21, பத்துப் பாட்டுக்கு 52 சென்ட். நாலு பேர் சேர்ந்து எழுதினால் தலைக்கு 13 சென்ட், அதிலும் பதிப்பக நிறுவனத்தின் பங்கு போகும். பாடுபவருக்கான ராயல்டி தனி. ஆனால் ஸ்டூடியோ செலவு, வீடியோ செலவில் ஒரு பகுதி, முன்பணம் எல்லாம் கழிந்த பிறகுதான் அது கைக்கு வரும். பாட்டு எழுதிய பங்கிலிருந்து அந்தச் செலவுகளைக் கழிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்ட பேண்டுகள் பிழைத்தன. யார் எழுதினாலும் எல்லார் பெயரும் சமமாக என்று முதல் நாளே முடிவெடுத்த பேண்டுகள் சண்டையில்லாமல் நீடித்தன.

தந்திநாதம்:

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. கடைக்கணக்கு சார், அப்படியென்றால் அதே அமைப்பு இருந்தும் இரண்டாவது ஆல்பத்தில் 'ஃப்ளட்' மாதிரி ஒன்று ஏன் வரவில்லை? லூப் கேள்விக்கும் யாராவது கை கொடுங்கள்.

வினைல்பெட்டி:

இரண்டாவது ஆல்பம் 'மச் அஃப்ரெய்ட்', 1997 செப்டம்பர். தயாரிப்பாளர் ஸ்டீவன் லிப்சன், இங்கிலாந்துக்காரர். ஆல்பங்களின் பட்டியலான பில்போர்டு 200இல் 8ஆம் இடம் வரை போனது, முதல் ஆல்பம் எட்டாத உயரம். அடுத்த வருஷம் கிராமியும் வாங்கியது. ஆகவே தோல்வி என்று எழுதிவிடாதீர்கள். ஆனால் நீங்கள் கேட்பது சரி, பொது ரேடியோவில் 'ஃப்ளட்' அளவுக்கு எதுவும் நிற்கவில்லை.

காரணம் பாட்டின் குணம் என்றே நினைக்கிறேன். லிப்சன் கையில் எல்லாம் மெருகேறியது, ஓரங்கள் மழுங்கின. அகூஸ்டிக் கிட்டாரை அறைந்து வாசித்த அந்த முரட்டுத்தனம் குறைந்தது. தலைப்பே ஹன்னா ஹர்னார்டின் உருவகக் கதையில் வரும் பயந்த பெண்ணின் பெயர், பாட்டுகளும் உள்நோக்கிப் போகின்றன. 'ஃப்ரெயில்' டெமோவின் தலைப்புப் பாட்டு இங்கே மறுபடி வருகிறது. ஆல்பமாக உட்கார்ந்து கேட்டால் எனக்கு முதலாவதைவிட இதுதான் நெருக்கம். மூன்றாவது 'இஃப் ஐ லெஃப்ட் த ஜூ' 1999, தயாரிப்பாளர் டென்னிஸ் ஹெரிங். நாலாவது 'தி இலெவன்த் அவர்' 2002, மறுபடி அவர்களே தயாரித்தது. இரண்டுமே கிராமி வாங்கியவை. 2007இல் கிரே மேட்டர்ஸ் என்று சொந்த லேபிள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பொது ரேடியோவில் பாட்டு ஏறியபோது கிளப்புகளிலும், ஸ்டிங் போன்றவரின் கச்சேரிக்கு முன் வாசிக்கவும் வாய்ப்பு வந்தது. மது விற்கும் இடத்தில் ஏன் வாசிக்கிறீர்கள் என்று சபைப் பக்கம் கேட்டார்கள். ராக் பக்கத்தில் இவர்கள் கிறிஸ்தவ பேண்ட் என்று முத்திரை குத்தினார்கள். இரண்டு வாசல் இருந்தால் இரண்டிலும் காவலர் இருப்பார்கள். இந்த நெருக்கடியில் பல பேண்டுகள் உடைந்தன. இவர்கள் உடையாததற்குக் காரணம், நாலு பேரும் 1994 முதல் மாறாமல் இருந்ததும், பேஸ், டிரம்ஸ் வாசிக்க டூருக்கு மட்டும் வெளியாட்களை வைத்துக்கொண்டதும். முடிவெடுக்கிற கூட்டம் சின்னதாகவே இருந்தது.

உங்கள் பேச்சில் ஒப்பிட வேண்டுமானால் இரண்டு பெயர்கள் போதும். டெக்சாஸிலிருந்து வந்த சிக்ஸ்பென்ஸ் நன் த ரிச்சர், 'கிஸ் மீ' 1997 ஆல்பத்தில் இருந்த பாட்டு, 1999இல்தான் ஹாட் 100இல் 2ஆம் இடம் போனது. சான் டியேகோவின் ஸ்விட்ச்ஃபுட், 1996இல் தொடங்கி மூன்று ஆல்பம் கிறிஸ்தவச் சந்தையில் வெளியிட்ட பிறகு, 2002இல் 'எ வாக் டு ரிமெம்பர்' படத்தில் பாட்டுகள் இடம்பெற்று, 2003 பிப்ரவரியில் 'தி பியூட்டிஃபுல் லெட்டவுன்' மூலம் மேலே வந்தார்கள். 'மென்ட் டு லிவ்' 18ஆம் இடம், 'டேர் யூ டு மூவ்' 17ஆம் இடம். அவர்களுக்கு ஏழு வருஷம் மேடைப் பழக்கம் கிடைத்த பிறகு ஹிட் வந்தது, இவர்களுக்கு ஹிட் வந்த பிறகுதான் மேடைப் பழக்கம். அந்த வித்தியாசத்தைச் சொன்னால் கூட்டத்துக்குப் பளிச்சென்று விளங்கும்.

ஒன்றை விட்டுவிடாதீர்கள். 2004இல் இவர்கள் தொடங்கிய ப்ளட்:வாட்டர் மிஷன், ஆப்பிரிக்காவில் ஆயிரம் கிணறுகள் என்ற திட்டத்தோடு சுத்தமான தண்ணீருக்கும் எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் வேலை செய்தது. பேண்டின் புகழ் எதற்குப் பயன்பட்டது என்று கேட்பவருக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

ஒலிக்கூடம்:

லூப்புக்கு வருகிறேன். தம்பி, கவனமாகப் படித்துக்கோங்க, செலவு பெரிசா இல்லை, ஆனா கணக்கு பிசகக் கூடாது.

முதல்ல அந்தக் காலத்து நிலைமை. 1994இல் லூப் என்றால் சாம்ப்ளர், அதாவது ஒலித் துண்டைப் பதிந்து திருப்பி ஓட்டுகிற கருவி. ஸ்டூடியோக்களில் பரவலா இருந்த அகாய் எஸ்1000 மாடலில் அடிப்படை நினைவகம் 2 எம்பி. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் மோனோவா பதிவு செய்தா கிட்டத்தட்ட 24 நொடி, ஸ்டீரியோன்னா 12 நொடிகூட வராது. அதனால் யாரும் முழுப் பாட்டின் தாளத்தை ஏற்ற மாட்டாங்க. இரண்டு பார் (தாளத்தின் இரண்டு சுற்று) மட்டும் ஏற்றி ஓட விடுவாங்க. அந்தக் காலப் பாட்டுகளில் கேட்கிற திரும்பத் திரும்ப வரும் மயக்கம் இந்த நெருக்கடியால் வந்தது. நீங்க லேப்டாப் வைத்தாலும் அதே கட்டுப்பாட்டோடு இரண்டு பார் லூப்பிலேயே கட்டுங்க, அந்த ருசி வரும்.

கணக்கு: 90 பிபிஎம் (நிமிஷத்துக்கு 90 அடி) என்றால் ஒரு அடிக்கு 0.667 நொடி, நாலடி பார் 2.667 நொடி, இரண்டு பார் 5.333 நொடி. லூப்பை இந்த நீளத்துக்குச் சரியா வெட்டணும். வெறும் 10 மில்லிநொடி நீளமா வெட்டிட்டீங்கன்னு வைங்க. மூன்றரை நிமிஷப் பாட்டில் லூப் சுமார் 39 தடவை ஓடும், கடைசியில் 390 மில்லிநொடி பின்தங்கும், அதாவது அரை அடிக்கு மேலே. கிளிக்கை (வாசிப்பவர் காதுக்கு மட்டும் அடி அடியாகத் தட்டும் சத்தம்) கேட்டு வாசிக்கிற கிட்டாரும் லூப்பும் வேறு வேறு ஊரில் இருக்கும். வெட்டுகிற இரண்டு முனையிலும் அலை பூஜ்யத்தைத் தொடுகிற புள்ளியா இருக்கணும், இல்லேன்னா ஒவ்வொரு சுற்றிலும் 'டக்'னு ஒரு சத்தம் கேட்கும். முனையில் 3 முதல் 5 மில்லிநொடி ஃபேட் (ஒலியை மெல்ல ஏற்றி இறக்குவது) போட்டா அதுவும் போயிடும்.

லூப்பை நீங்களே பதிவு செய்யுங்க. மற்றவர் இசைத்தட்டிலிருந்து எடுத்தா அனுமதி வாங்கணும், மேடையில் வாசித்து யூட்யூப்பில் போட்டதும் பிரச்சினை வரும். கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டுகிற மரப்பெட்டி) ஒன்று போதும். எட்டு பார் வாசித்துப் பதிவு செய்து, அதில் ரொம்ப நிதானமா அமைந்த இரண்டு பாரை எடுங்க. அதன் மேலே ஷேக்கர் தனித் தடத்தில். இரண்டையும் ஒன்றாக் கலந்து வைக்காதீங்க. மெல்லிய பகுதியில் கஹோனை நிறுத்தி ஷேக்கரை மட்டும் விடுறதுக்குத் தனித்தனியா இருக்கணும்.

ஒலிக்கலவையில் மூன்றே வேலை. லூப்பில் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதைச் சாய்ச்சு வெட்டுங்க. கிட்டார் இரண்டிலும் 110 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்க, கஹோனின் அடிச் சத்தத்துக்கு இடம் கிடைக்கும். இரண்டு கிட்டாரும் ஒரே கார்டு வடிவத்தில் வாசிக்கக் கூடாது. பாட்டு டி மேஜர்னா ஒருவர் சாதா டி, இன்னொருவர் ஐந்தாம் கட்டில் கேப்போ (தந்திகளை அமுக்கிப் பிடிக்கிற கிளிப்) போட்டு ஏ வடிவம், இல்லே ஏழாம் கட்டில் ஜி வடிவம். அப்பதான் இரண்டு கிட்டார் என்று காதுக்குத் தெரியும். ஒரே இடத்தில் இரண்டும் அடிச்சா ஒரு தடித்த கிட்டார் மாதிரிதான் கேட்கும்.

கீபோர்டுக்காரரிடம் ஸ்ட்ரிங்ஸ் சத்தத்தில் இரண்டு கையாலும் கார்டு அமுக்க வேண்டாம்னு சொல்லுங்க. இடது கையில் செல்லோ மாதிரி ஒற்றைச் சுரமா ஒரு வரி, வலது கையில் வயலின் மாதிரி இன்னொரு வரி. நிஜமான நால்வர் தந்திக் குழு அப்படித்தான் வாசிக்கும். மேலே சொன்ன நடுப்பகுதி அடக்கத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

தந்திநாதம்:

அண்ணா, மேடையில் லூப்பை யார் ஓட்டுவது? பாடகர் பல்லவியை இன்னொரு தடவை பாட ஆசைப்பட்டால் லூப் நிற்குமே?

ஒலிக்கூடம்:

முழுப் பாட்டுக்கும் ஒரே ஃபைல் வைத்தால் நிற்கும், அதனால் அப்படி வைக்காதீங்க. பகுதி பகுதியா வைங்க: சரணம், பல்லவி, நடுப்பகுதி. ஒவ்வொன்றும் தானா சுழலும், கீபோர்டுக்காரர் காலால் பெடலை மிதித்ததும் அடுத்த பார் தொடங்கும்போது மாறணும். ஏபிள்டன் மாதிரி மென்பொருளில் இதற்கு 'ஒரு பார்' குவான்டைஸ் அமைப்பு இருக்கு. பெடலைக் கொஞ்சம் முந்தி மிதித்தாலும் தாளம் உடையாது. பிந்தி மிதித்தால் ஒரு பார் தள்ளிப்போகும், ஆகவே பகுதி முடியும் கடைசி பாரின் இரண்டாவது அடியில் மிதிக்கப் பழகச் சொல்லுங்க.

ஆடியோ இன்டர்ஃபேஸில் இடது வெளியீடு கிளிக், வலது வெளியீடு லூப். வலதை டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றுகிற சின்னப் பெட்டி) வழியா மிக்சருக்கு. இடதை ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் வழியா நாலு பேர் காதுக்கு. கிளிக் தப்பித்தவறி அரங்க ஸ்பீக்கருக்குப் போகிற விபத்து பெரும்பாலும் ஸ்டீரியோ ஒயரை மோனோ சாக்கெட்டில் செருகினால் நடக்கும். ஒத்திகையில் ஒயருக்குச் சிவப்பு டேப் ஒட்டி அடையாளம் வைங்க.

நாலு பேருக்கும் காதுக் கருவி இல்லேன்னா கீபோர்டுக்கும் ஒரு கிட்டாருக்கும் மட்டும் கொடுங்க. மற்றவங்க லூப்பை மானிட்டர் ஸ்பீக்கரில் கேட்டு வாசிக்கட்டும். ஆனா அந்த மானிட்டர் பாடகரின் மைக்குக்கு நேரே பார்க்கக் கூடாது. பார்த்தால் லூப் மைக் வழியா இரண்டாவது தடவை அரங்கத்துக்குப் போய்க் குழம்பும்.

கிட்டாரின் ஒலித்துளைக்கு ரப்பர் மூடி வாங்கிப் போடுங்க, அதில்தான் ஊளைச் சத்தம் பாதி அடங்கும். மீதி பொதுவா 100 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் எங்கேயாவது இருக்கும். சவுண்ட் செக்கில் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமா ஏற்றி, ஊளையிடுகிற இடத்தைக் கண்டுபிடித்து அந்த ஒரு இடத்தை மட்டும் 6 டெசிபல் இறக்குங்க. பரந்து வெட்டினால் கிட்டாரின் உடம்பே போயிடும்.

கடைக்கணக்கு:

ஒரு திருத்தம், தந்திநாதம் பேச்சுக் குறிப்பில் போட்டுவிடுவாரோ என்பதற்காக. நான் மேலே சொன்ன 37ஆம் இடம் பாட்டுக்கு, ஆல்பத்துக்கு அல்ல. ஆல்பம் நீண்ட காலம் நிதானமாக விற்றுத்தான் 20 லட்சத்தைத் தொட்டது. முதல் வாரத்திலேயே உச்சிக்கு ஏறி இறங்குகிற ஆல்பங்களின் விற்பனை வளைவு வேறு, இது வேறு. புத்தகக் கடையில் ஒரு ஆல்பம் மாதக்கணக்கில் அலமாரியில் நிற்கும். பொது இசைக் கடையில் சில வாரம் ஓடாவிட்டால் சரக்கு திரும்பிப் போகும். 'ஃப்ளட்' பொது ரேடியோவுக்குப் போனது ஆல்பம் வந்து மாதங்கள் கழித்து. அதுவரை ஆல்பத்தைக் கண் முன்னே வைத்திருந்தது கிறிஸ்தவக் கடைகள்தான்.